பால்கனில் பன்னிரண்டு நாள்: மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு வாடகைக் கார்

கேள்வி: ஏப்ரல் கடைசியில், பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடிந்ததும், குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, செர்பியா என்று ஐந்து நாடுகளை 12 நாளில் காரில் சுற்றலாம் என்று நினைக்கிறோம். கணவர்தான் ஓட்டுவார். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. கூட வரும் மாமியாருக்கு மூட்டுவலி, சுத்த சைவம். இது சரிப்பட்டு வருமா? எதை விடக் கூடாது? — ஒரு வாசகி, கோவை

பதில்:

பயணம் சரிப்பட்டு வரும், ஐந்து நாடுதான் சரிப்படாது. அல்பேனியாவையும் செர்பியாவையும் இப்போதே அடித்துவிடுங்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கரையில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. சாலை ஒவ்வொரு வளைகுடாவையும் சுற்றிச் சுற்றிப் போகிறது. நூறு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அதற்கு மேல் எல்லைச் சாவடிகளில் காத்திருப்பு. பின்சீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கும்போது ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் திட்டமிடாதீர்கள்.

நான் சொல்லும் வழி இது: ஸாக்ரெப்பில் இறங்குங்கள். பிளிட்விட்சே ஏரிகள் அருகே இரண்டு இரவு, ஸ்பிளிட்டுக்குப் பக்கத்தில் மூன்று, போஸ்னியாவின் மோஸ்தாரில் ஒன்று, மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவில் மூன்று, கடைசியாக டுப்ரோவ்னிக்கில் இரண்டு. அங்கிருந்தே விமானம் ஏறிவிடலாம். காரை எடுப்பதும் விடுவதும் குரோஷியாவுக்குள்ளேயே என்பதால், வேறு நாட்டில் காரை விட்டால் தீட்டும் பெரிய கட்டணம் மிச்சம்.

முதலில் விசா. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாடு, அன்றிலிருந்து நாணயமும் யூரோதான். போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் ஷெங்கனுக்கு வெளியே இருக்கின்றன. நீங்கள் குரோஷியாவை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருவதால், பல முறை நுழையும் ஷெங்கன் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே முறை நுழையும் விசாவோடு போனால் டுப்ரோவ்னிக்குக்கு முன்னால் எல்லையிலேயே நிற்க வேண்டியதுதான். பல முறை விசா கையில் இருந்தால் இந்தியர்களை அந்த இரண்டு நாடுகளும் தனி விசா கேட்காமல் குறுகிய காலம் அனுமதிக்கின்றன. விதி மாறக்கூடியது, கிளம்பும் முன் தூதரக இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கார். ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். நம் லைசென்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும். அங்கே வாடகைக்குக் கிடைப்பதில் நிறைய கியர் வண்டிகள். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில், சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் பழகுவதை மலைச் சாலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக் கேளுங்கள், அதையும் முன்கூட்டியே கேளுங்கள். போஸ்னியா, மாண்டினீக்ரோ இரண்டுக்கும் காரைக் கொண்டுபோக அனுமதி உண்டு என்று பதிவின்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள். பையனுக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். குரோஷியாவைத் தாண்டியதும் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, நம் ஊர்ப் பழக்கத்தில் மூக்கை நுழைத்துவிடாதீர்கள்.

இனி பிளிட்விட்சே. இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக 16 ஏரிகள். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், அருவி விழும் இடங்களில் பாசியின் மேல் அந்தச் சுண்ணாம்பைப் படியவிடுகிறது. பாசி கல்லாகிறது, அதன் மேல் புதுப்பாசி முளைக்கிறது. இப்படி இயற்கை கட்டிய அணைகள்தான் ஏரிகளைத் தாங்குகின்றன, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. மகளிடம் இதைச் சொல்லி, மரப்பாதையின் ஓரத்தில் தண்ணீருக்குள் கிடக்கும் குச்சிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாக மேலோடு படிந்து பாதி கல்லாகியிருக்கும். ஏப்ரலில் பனி உருகி அருவிகளில் தண்ணீர் கொட்டும். சில சமயம் கீழ்ப்பாதைகள் முழுகி மூடப்படுவதும் உண்டு. இரவில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும்.

மாமியாருக்காக இரண்டாம் நுழைவாயிலைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட்டிலேயே சுற்றுவண்டியும், கோஸ்யாக் ஏரியைக் கடக்கும் மின்படகும் அடங்கிவிடும். படகில் கடந்து, கரையில் உட்கார்ந்து, திரும்பி வந்தாலே அவருக்கு மனசு நிறைந்துவிடும். 78 மீட்டர் பெரிய அருவிக்கு நீங்களும் பிள்ளைகளும் போய்வாருங்கள். மரப்பாதைகளில் பல இடங்களில் கைப்பிடி கிடையாது, பையன் கையை விடவே கூடாது. தண்ணீரில் கால் நனைக்கக்கூட அனுமதி இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவைத்தால் அழுகை மிச்சம்.

அங்கிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்குங்கள். நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது காசு. ஸ்வேதி ரோக் என்றொரு சுரங்கம், 5 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒரு முனையில் காடும் மேகமுமாக நுழைந்து, மறுமுனையில் மொட்டைச் சுண்ணாம்பு மலையும் தூரத்துக் கடலுமாக வெளியே வருவீர்கள். பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். புரா எனும் மலைக்காற்று அடிக்கும் நாட்களில் அந்தப் பகுதியை மூடுவார்கள் அல்லது வேகத்தைக் குறைப்பார்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள்.

வழியில் ஸாடர் நகரில் மதியம் நிறுத்துங்கள். கடற்கரைப் படிகளுக்கு அடியில் குழாய்கள் பதித்து, அலை அடிக்க அடிக்க இசை எழும்படி 2005-இல் அமைத்திருக்கிறார்கள். படியிலுள்ள சிறு துளைகளில் காதை வைத்துக் கேட்பதில் பையனுக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

ஸ்பிளிட்டின் பழைய நகரமே ஒரு ரோமானிய அரண்மனைதான். பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305-இல் பதவி துறந்து வந்து தங்கிய இடம். அதற்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், தூண்களுக்கு இடையில் துணி காய்கிறது. கிறிஸ்தவர்களை வதைத்தவரின் கல்லறை மண்டபம் பின்னால் கத்தீட்ரலாகிவிட்டது, வரலாற்றின் குறும்பு! உள்ளே கார் போகாது. ஆகவே 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் ட்ரோகிரின் புறப்பகுதியில், நிறுத்துமிடமும் சமையலறையும் உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள்.

கடலில் குளிக்க அப்போது தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். கரையும் மணல் கிடையாது, கூழாங்கல்லும் பாறையும். இடுக்குகளில் கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் செருப்பு இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

மோஸ்தாரில் 1566-இல் ஒட்டோமான்கள் கட்டிய பாலம், போஸ்னியப் போரின்போது 1993 நவம்பர் 9 அன்று பீரங்கியால் தகர்க்கப்பட்டது. 2004-இல் அதே வடிவில் மீண்டும் எழுந்தது. குண்டு துளைத்த சுவர்கள் ஊரில் இன்னும் உண்டு, மகள் கண்டிப்பாகக் கேட்பாள், பதிலை யோசித்துவையுங்கள். பாலம் செங்குத்து, வழவழப்பு வேறு. மாமியார் மேலே ஏற வேண்டாம். சற்றுத் தெற்கே உள்ள லூச்கி பாலத்தில் நின்றால் மொத்த வளைவும் தெரியும். போஸ்னியாவில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று: போர்க்காலக் கண்ணிவெடிகள் சில இடங்களில் இன்னும் அகற்றப்படவில்லை. பிள்ளைகள் அவசரம் என்றாலும் சாலையோரக் காட்டுக்குள் ஒதுங்காதீர்கள், பெட்ரோல் பங்க்தான்.

மோஸ்தாரிலிருந்து கோட்டோருக்கு மறுபடி கடற்கரைக்கு இறங்காமல் ஸ்டோலாட்ஸ், ட்ரெபினியே வழியாகப் போங்கள். கூட்டம் குறைவு, குரோஷிய எல்லையைத் தேவையில்லாமல் தொட வேண்டியதும் இல்லை.

கோட்டோரில் கோட்டைக்கு 1,350 படி. அதை விட்டுவிட்டு பெராஸ்ட்டுக்குப் போய்ப் படகேறுங்கள். சில நிமிடத்தில் மாதா கோயில் தீவு. மாலுமிகள் கல்லையும் பழைய கப்பல்களையும் போட்டு உண்டாக்கிய தீவு அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 22 அன்று இன்றும் படகில் கல் கொண்டுவந்து போடுகிறார்கள். உள்ளே ஒரு பெண் பல ஆண்டுகள் தன் தலைமுடியையும் சேர்த்துத் தைத்த மாதா படம் இருக்கிறது. குழந்தை உருவங்களின் முடி பொன்னிறத்தில் தொடங்கி நரையில் முடியும், அவர் வயதாக வயதாக. பூத்தையல் தெரிந்தவர் என்றால் மாமியார் அங்கிருந்து லேசில் நகர மாட்டார்.

சாப்பாடு: போஸ்னியாவில் புரெக் (உள்ளே பூரணம் வைத்துச் சுடும் மாவுப் பலகாரம்) என்று கேட்டால் இறைச்சிதான் வரும். பாலாடைக்கட்டி வைத்ததற்கு சிர்னிட்சா, கீரை வைத்ததற்கு செல்யானிட்சா, உருளைக்கிழங்குக்கு க்ரோம்பிருஷா என்று கேளுங்கள். மாவிலும் விலங்குக் கொழுப்பு கலக்கிறார்களா என்று விசாரித்துவிடுவது நல்லது. குரோஷியாவில் பிளிட்வா எனும் கீரையும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். மற்றபடி அரிசி, பருப்பு, குட்டிக் குக்கர். போஸ்னியாவில் நாணயம் மார்க், மாண்டினீக்ரோவில் யூரோ செல்லும். ஐரோப்பிய ஒன்றிய சிம் இந்த இரண்டு நாட்டிலும் வேலை செய்யாமல் போகலாம், வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களுக்கு ஒரு யோசனை. மாண்டினீக்ரோவிலிருந்து வரும்போது டுப்ரோவ்னிக் விமான நிலையம் நகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். அங்கேயே காரை ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் நகரம் போங்கள். பழைய நகரத்துக்குள் கார் ஓடாது, வெளியே நிறுத்தக் கேட்கும் காசில் இரண்டு வேளை சாப்பிடலாம். மதில்நடை 1,940 மீட்டர், படிகள் ஏராளம். காலையில் திறந்தவுடன் நீங்களும் பிள்ளைகளும் போய்விடுங்கள். மாமியாருக்கு ஸ்ட்ராதுன் பெருவீதி சமதளம், நிழலில் பெஞ்சும் கிடைக்கும்.

விசா நேர்காணல் தேதி, ஆட்டோமேட்டிக் கார், பிளிட்விட்சே நேர டிக்கெட். பதிவுகளை இந்த வரிசையில் செய்யுங்கள். தங்குமிடங்களை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள், விசா தள்ளிப்போனால் கைக்காசு தப்பும்.