ஓடியாடி உழைக்கும் அம்மா அடிக்கடி விழுகிறார், என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. தங்கச்சிமடம் பக்கம் கடற்கரை ஊர். விடியுமுன் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பார். மிச்சத்தைக் கருவாடு போடுவார். ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டார். ஆனால் நான்கு மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டார். முதலில், விடியற்காலை கொல்லைக் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது. அடுத்து, கருவாடு புரட்டிக்கொண்டு குந்தியிருந்தவர் எழுந்தபோது. போன வாரம் கரையில் படகுக் கயிறு தடுக்கி விழுந்ததில் நெற்றியில் அடி. பிரஷர், சுகர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். "வியாபாரம் போதும், வீட்டில் இரும்மா" என்றால் சண்டைக்கு வருகிறார். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த நெற்றி அடியைப் பேசிவிடுவோம். வயதானவர்களுக்குத் தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் இருந்து, மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து, சில வாரம் கழித்துக்கூடத் தொந்தரவு வெளிப்படலாம். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, எந்நேரமும் தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, வழக்கத்துக்கு மாறான குழப்பம் என எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவர் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்று ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. மூன்று முறை விழுந்ததையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். கயிறு தடுக்கியது வேறு வகை, அதற்குப் பிறகு வருகிறேன். முதல் இரண்டும் ஒரே சாயலில் இருக்கின்றன. படுத்திருந்தவர், குந்தியிருந்தவர், எழுந்த கொஞ்ச நேரத்தில் விழுந்திருக்கிறார். "கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததா?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வயதாக ஆக இந்த ஏற்பாடு மந்தமாகும். பல வருஷச் சர்க்கரை நோய் அதற்கான நரம்புகளையே கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்க பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம், பிரஷர் பார்க்கும் கருவி போதும். ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிஷத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் யாருக்கும் நிற்க வைத்து பிரஷர் பார்க்கிற வழக்கமே இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவர்களிடம் சொல்லுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நிற்கும்போது யாராவது பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மாத்திரை. பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து கலந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று எழுதியிருக்கும். இந்தக் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களிடம் "தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! விடியற்காலை ஒரு வரக்காப்பியோடு கிளம்பினால் வீடு திரும்பும் வரை வாயை நனைப்பதோடு சரி. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும் வெயில், உள்ளே நீர் பிரிக்கும் மாத்திரை, குடிக்காத தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் இளவட்டத்துக்கே தலை சுற்றும். ஆனால் "பிரஷர் இறங்குகிறது, உப்புத் தண்ணீர் குடி" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்க வேண்டாம். கருவாடும் உப்புமாகச் சாப்பிடுகிற பிரஷர்காரருக்கு அது சரிப்படாது.

அந்த வரக்காப்பியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சுகர் மாத்திரையில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை இருந்து, அதை விழுங்கிவிட்டு மீன் விற்று முடிந்த பிறகுதான் சோறு என்றால், சர்க்கரை படக்கென்று இறங்கிவிடும். திடீர் வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி வந்தால் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரையோ பழச்சாறோ கொடுத்து, பிறகு சாப்பிட வைக்க வேண்டும். வயதானால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகமும் குறையும். பத்து வருஷத்துக்கு முன் சரியாக இருந்த அளவு இன்றைக்கு அதிகமாக இருக்கலாம். இதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரை, சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். எதைக் குறைப்பது, எதை வேறு நேரத்துக்கு மாற்றுவது என்று அவர் பார்க்கட்டும்.

எழுந்ததால் இல்லாமல், படுக்கையில் புரண்டாலே அறை சுற்றுகிறது என்கிறாரா? அது காதுக்குள் இருக்கும் சமநிலைக் கோளாறாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பும் எளிய சிகிச்சை இருக்கிறது. முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பி விழுந்திருந்தாலும், விழுமுன் நெஞ்சு படபடத்திருந்தாலும் ஈசிஜி கட்டாயம். முகம் அடிபட விழுந்தவரிடம், கையை ஊன்றப் பார்த்தாரா என்றும் கேட்போம். ஊன்றவே இல்லை என்றால் விழுமுன்னரே நினைவு போயிருக்க வாய்ப்புண்டு.

இப்போது கயிறு. கரையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கிடப்பது அவருக்குப் புதிதா என்ன? அரை நூற்றாண்டாகத் தாண்டிப் போனவருக்கு இன்று ஏன் தடுக்கியது? கண்புரை இருந்தால் மங்கிய வெளிச்சத்தில் மணல் நிறக் கயிறு தெரியாது. தலையில் கூடை இருந்தால் குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் கயிறு பட்டதே உறைக்காது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிறாரா என்று கவனியுங்கள். கண், பாதம் இரண்டையும் சோதித்து, ரத்தத்தில் ஹீமோகுளோபினும் வைட்டமின் பி12-ம் பார்க்க வேண்டும். மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு.

வீட்டில் உட்கார வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. நடமாட்டம் குறைந்தால் சில வாரத்திலேயே தொடைத் தசை இளைக்கும். அப்புறம் வாசற்படியிலேயே விழுவார். குந்தி எழுந்து பழகிய கால்களில் வலு இருக்கும். சமநிலைதான் சந்தேகம். சுவரோரம் நிற்க வைத்து, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்ற பாதத்தை வைத்துப் பத்து விநாடி நிற்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அதையே சுவரைத் தொட்டபடி தினமும் பழகட்டும். குதிகாலைத் தூக்கி இறக்குவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட சமநிலை, வலுப் பயிற்சிகள் முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன.

வியாபாரத்தில் மாற்ற வேண்டியது தலைச்சுமையையும் இருட்டையும்தான். கூடையை ஷேர் ஆட்டோவிலோ தள்ளுவண்டியிலோ ஏற்றட்டும். கரைக்குக் கையில் டார்ச்சோடு, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து போகட்டும். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள். கருவாட்டைக் குந்திப் புரட்டாமல் இடுப்புயரப் பரணில் காய வைக்கலாம், மணலும் ஒட்டாது. காலையில் எழுந்ததும் கட்டிலோரம் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு பல்பும், உள்ளே சுவரில் ஒரு கைப்பிடியும் நீங்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முடிக்கிற வேலை.

யாராவது "எலும்புக்கு ஒரே ஊசியில் வருஷத்துக்கான வைட்டமின் டி" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயதான பெண்களுக்கு ஆண்டுக்கொரு முறை மொத்தமாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. அதில் விழுவதும் எலும்பு முறிவதும் அதிகரிக்கத்தான் செய்தன. குறைபாடு இருந்தால் சிறு அளவில் தொடர்ந்து எடுத்தால் போதும்.

நீங்கள் போனில் "வியாபாரம் வேண்டாம்" என்று தொடங்கினால், அடுத்த முறை விழுந்ததை உங்களிடம் சொல்லவே மாட்டார். மஞ்சள் பையோடு டாக்டரிடம் போகும் நாளில் லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். படுத்து, நின்று பார்த்த பிரஷர் அளவுகளையும் மாத்திரைப் பெயர்களையும் எழுதி அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.