நண்டுப் புதைபடிவம் படித்தால் வேலை கிடைக்குமா? குடியாத்தம் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

நர்சிங்கில் சேர்க்க நினைத்த பெண், கல்லுக்குள் இருக்கும் நண்டை ஆராயப் போகிறேன் என்றால் பயம் வரத்தான் செய்யும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆராய்ச்சிக்கென்றே தனி வேலை நம் நாட்டில் மிகக் குறைவு. ஆனால் அங்கே போகும் வழியில் பாறைகளையும் மண்ணையும் பற்றிய ஜியாலஜி படிப்பு இருக்கிறது. அதற்கு வேலை உண்டு.

டைனோசர்களை அழித்த பேரழிவுக்குப் பின் நண்டுகள் எப்படி மீண்டன என்ற உங்கள் மகளின் கேள்வியை லேசாக எண்ணாதீர்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது டைனோசர்களோடு கடலில் சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் என்ற உயிரினங்களும் அழிந்தன. நண்டினம் தப்பியது. எப்படி மீண்டது என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. நண்டு செத்தால் உடல் சிதறிவிடும். பெரும்பாலும் கெட்டியான கொடுக்குதான் பாறையில் மிஞ்சும். வளரும்போது ஓட்டைக் கழற்றியும் போடும் என்பதால், கிடைத்தது செத்த நண்டா, கழற்றிய ஓடா என்றும் பார்க்க வேண்டும். டென்மார்க்கின் ஃபாக்ஸே சுண்ணாம்புக்கல் குவாரியில், பேரழிவுக்குப் பின் வளர்ந்த பவளத்திட்டுகளுக்கு நடுவே நண்டு ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. மீட்சியைப் படிக்க அருமையான இடம் அது.

நம் வேலூர் மலைகளில் இதைத் தேட முடியாது. இங்கிருப்பவை மிகப் பழைய கிரானைட், நைஸ் பாறைகள்; அவற்றில் நண்டுப் புதைபடிவம் இருக்காது. அரியலூர்தான் அவளுக்கான ஊர். அழிவுக்கு முந்தைய கடல் படிவுகள் அங்கே பரந்து கிடக்கின்றன, பிந்தைய சுண்ணாம்புப் பாறைகள் நின்னியூர்ப் பக்கம் உண்டு. வேலூர் கன்டோன்மென்ட் நிலையத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் மாறினால் போய்விடலாம். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அவளோடு நீங்களும் போங்கள்.

படிப்புக்கு வருவோம். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது. அப்புறம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்கலாம். எம்.எஸ்சி. முடித்தவர்கள் யூபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமான ஜிஎஸ்ஐக்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ போகலாம். பாலாறு வறண்டு கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நீர் வாரிய வேலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனங்களிலும் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களை வைத்துப் பாறையின் வயதைக் கணிக்கும் வேலை உண்டு.

வெயிலில் நடந்து, வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டிய படிப்பு இது. கல்லூரிக்குப் போகும்போது, களப்பயணத்தில் மாணவிகளுக்குத் தங்குமிடமும் துணைக்கு ஆசிரியையும் எப்படி ஏற்பாடு செய்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள். அவள் பிளஸ் டூவில் கணிதம் எடுக்கவில்லையென்றால், சேர்க்கைத் தகுதியையும் விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.