அரைப் பவுண்டு சர்க்கரை

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஏழை, பணக்காரர், கறுப்பர், வெள்ளையர் என்று பாராமல் அத்தனை பேரும் ஒரே ரேஷனில் வாழ்ந்து தியாகம் செய்தார்களாமே? அந்த ஒற்றுமை நமக்கு ஏன் வரவில்லை?
— கே.எஸ்., கும்பகோணம்

பதில்: ரேஷன் புத்தகம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த மட்டில் நீங்கள் சொல்வது சரி. 1942 மே முதல் வாரத்தில் பள்ளிக்கூடங்களில் வைத்துப் பெயர் பதிந்து கொடுத்தார்கள். வீட்டில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று டீச்சரிடம் சொல்ல வேண்டும். அதிகம் வைத்திருந்தால் அதற்கு ஈடான கூப்பனை அவரே கிழித்து எடுத்துக்கொள்வார். அப்புறம் தலைக்கு வாரம் அரைப் பவுண்டு, நம் கணக்கில் கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

1943 மார்ச்சில் பாயின்ட் முறை வந்தது. டின்னில் அடைத்த காய், பழத்துக்கு நீலக் கூப்பன். இறைச்சி, வெண்ணெய்க்குச் சிவப்பு. காசும் தர வேண்டும், பாயின்ட்டும் தர வேண்டும். பாயின்ட் தீர்ந்துவிட்டால் பை நிறையப் பணம் இருந்தாலும் கறிக்கடைக்காரர் கையை விரிப்பார். இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வறுத்துப் பொரித்தபின் மிஞ்சிய கொழுப்பை வடிகட்டி டின்னில் சேர்க்க வேண்டும். கண்ணாடி பாட்டில் கூடாது, சூட்டில் விரிசல் விடும். காறிப்போவதற்குள் கறிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பவுண்டுக்கு 4 சென்ட், கூடவே 2 சிவப்புப் பாயின்ட். அந்தக் கொழுப்பில் கிளிசரின் எடுத்து வெடிமருந்து செய்தார்கள்.

ஆனால் ஓட்டலில் சாப்பிட்டால் கூப்பன் கேட்க மாட்டார்கள்! வாரத்தில் நாலு நாள் வெளியே சாப்பிட வசதியுள்ளவர், வீட்டுப் பாயின்ட்டைத் தொடாமலே மாட்டிறைச்சி சாப்பிட்டார். சட்டத்தை மீற வேண்டிய அவசியமே இல்லை.

பெட்ரோலுக்குக் கார் கண்ணாடியில் எழுத்து ஒட்டினார்கள். சாதாரண ஆளுக்கு ‘ஏ’: வாரம் 3, 4 காலன், அதாவது 11 முதல் 15 லிட்டர். ‘எக்ஸ்’ ஒட்டியவருக்கு அளவே கிடையாது. கிழக்குக் கரையில் 1942-ல் இது தொடங்கியதும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களில் (நம்ம ஊர்க் காங்கிரஸ் இல்லை, அவர்கள் நாடாளுமன்றம்) 200 பேருக்கு மேல் ‘எக்ஸ்’ வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகைகள் பிடிபிடியென்று பிடித்தன. அதே ஆண்டு டிசம்பரில் இந்த ரேஷன் நாடு முழுக்கப் பரவியது. டெக்சாஸ்காரர்களுக்கு ஒரே கோபம்: எண்ணெய்க் கிணறு நம் கொல்லையில் இருக்க, நமக்கேன் அளவு? பஞ்சம் பெட்ரோலுக்கு இல்லை, டயருக்கு. மலாயாவை ஜப்பான் பிடித்ததும் ரப்பர் நின்றுபோனது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள். அவர்களில் எத்தனையோ பேரை ஜப்பான்காரர்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிப்போனது தனிக் கதை.

‘தியாகம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் அளந்து போடுங்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் கிடந்த குடும்பங்கள் பலவற்றுக்கு ஒழுங்காகச் சம்பளமும் சாப்பாடும் கிடைத்ததே இந்தப் போர்க்காலத்தில்தான். அந்த வேலை யாருக்குக் கிடைத்தது என்பதுதான் வில்லங்கம். போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் இனம் பார்க்கக் கூடாது என்று 1941 ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆணை போட்டார். அதுவும் மனமுவந்து போட்டதில்லை. தலைநகர் வாஷிங்டனில் ஊர்வலம் நடத்துவோம் என்று கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் நெருக்கியபிறகு போட்டது. ஆணை இருந்து என்ன? 1943 ஜூனில் டெட்ராய்ட் பேக்கார்டு ஆலையில் 3 கறுப்பர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். விமான என்ஜின் செய்துகொண்டிருந்த 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அதே மாதம் அந்த நகரில் மூண்ட கலவரத்தில் 34 பேர் செத்தார்கள், 25 பேர் கறுப்பர்கள். செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர் ரத்தமே வேண்டாம் என்றது. பிறகு வாங்கியது, ஆனால் தனியாகச் சீட்டு ஒட்டித் தனியாக வைத்தது. போர்முனையில் குண்டடிபட்டவனுக்கும் ரத்தத்தில் சாதி.

பெண்கள் கதை வேறு. போர்ட்லாந்தில் கைசர் கப்பல் கட்டும் தளத்து வாசலிலேயே 24 மணி நேரக் குழந்தைகள் காப்பகம் 1943-ல் திறந்தது. வேலை முடிந்து பிள்ளையைக் கூப்பிட்டுப்போக வரும் தாய், வீட்டுக்கு வேண்டிய ராச்சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்குக்கூட எத்தனை தொழிற்சாலையில் இது இருக்கிறது? போர் முடிந்தது, காப்பகத்தை மூடினார்கள்.

இனி உங்கள் ‘அத்தனை பேரும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் தீவு என்று ஒன்று. ஸ்ட்ராபெரிக்குப் பேர்போன ஊர், பயிர் செய்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானிய வம்சாவளியினர். 1942 மார்ச் 24 அன்று, அவர்களை வெளியேறச் சொல்லிக் கம்பங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். 30-ஆம் தேதி 227 பேரை ராணுவம் படகில் ஏற்றியது. கையில் தூக்க முடிந்தது மட்டும்தான் உடைமை. பழம் ஜூனில் பழுக்கும். பறிக்க அவர்கள் அங்கே இல்லை. இப்படி மேற்குக் கரை முழுவதிலுமிருந்து சுமார் 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்ட முத்துத் துறைமுகம் (பேர்ல் ஹார்பர்) இருந்த ஹவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளி. அங்கே கூண்டோடு பிடிக்கவில்லை. பிடித்தால் கரும்பு வெட்டவும் துறைமுகத்தில் வேலை செய்யவும் ஆள் ஏது?

பெயின்பிரிட்ஜ்காரர்கள் போய்ச் சேர்ந்தது கலிபோர்னியாவின் மன்சனார் பாலைவன முகாம். 20 அடிக்கு 25 அடி அறை, 8 பேர், ஒரு பல்பு, வைக்கோல் திணித்த மெத்தை. முகாம் மருத்துவமனையில் வேலை பார்த்த கைதி டாக்டருக்கு மாதச் சம்பளம் 19 டாலர். அங்கேயும் சர்க்கரை ரேஷன் உண்டு. தங்களுக்கு வர வேண்டிய சர்க்கரையும் இறைச்சியும் வெளியே கடத்தப்படுவதாகச் சமையல்காரர் ஒருவர் அதிகாரிகள் மேல் குற்றம் சாட்டினார். பிறகு வேறொரு அடிதடி வழக்கில் அவரைக் கைது செய்ததும் கூட்டம் திரண்டது. 1942 டிசம்பர் 6, முத்துத் துறைமுகத் தாக்குதலின் ஆண்டு நிறைவுக்கு முந்தைய இரவு. காவல் சிப்பாய்கள் சுட்டதில் 2 பேர் இறந்தார்கள்.

அரசு மன்னிப்புக் கேட்டுத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது 1988-ல். அதுவும் அன்றைக்கு உயிரோடிருந்தவர்களுக்கு மட்டும்.