சிந்தி இனிப்பு லோலோ வீட்டில் செய்வது எப்படி? எனக்கு ஆறியதும் கல் மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்?

ஆறியதும் கல்லாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெல்லத் தண்ணீரை. அதைக் கொதிக்க விட்டிருப்பீர்கள். அடுத்த சந்தேகம், சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி பத்து நிமிஷம் அழுத்திப் பிசைந்தது.

லோலோ சுடச்சுடத் தின்பதற்கென்று பிறந்த ரொட்டி இல்லை. ரக்ஷா பந்தன் கழிந்து ஏழாம் நாள் சிந்திக் குடும்பங்களில் தத்ரி வரும். சீதளா தேவிக்கான நாள், அன்று அடுப்பு மூட்டக்கூடாது. சிந்தியில் ‘தத்தோ’ என்றால் குளிர்ந்தது, பண்டிகைப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். முந்தின நாளே லோலோ சுட்டு அடுக்கி, அடுப்பைக் குளிரவைத்து, மறுநாள் காலை ஆறின லோலோவைத் தயிரோடு சாப்பிடுவார்கள். ஆகவே உங்கள் கைப்பக்குவத்துக்கு மார்க் போடுவது மறுநாள் காலையில்தான். தோசைக்கல்லிலிருந்து எடுத்த சூட்டில் எல்லா லோலோவும் மெத்தென்றுதான் இருக்கும், அதை நம்பாதீர்கள்.

வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட உப்பு ரொட்டிக்குக் கோக்கி என்று பெயர். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நான் சொல்வது மிட்டோ லோலோ, அதாவது இனிப்பு லோலோ.

அளவு நான்கு லோலோவுக்கு: கோதுமை மாவு 250 கிராம், வெல்லம் பொடித்தது 110 கிராம், தண்ணீர் 80 மில்லி, மாவில் சேர்க்க உருக்கிய நெய் 60 கிராம், ஏலக்காய் 5 அல்லது 6, ஒரு சிட்டிகை உப்பு. சுடுவதற்குத் தனியாக லோலோ ஒன்றுக்கு இரண்டு டீஸ்பூன் நெய். முடிந்தால் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கப்பில் அளந்தால் மாவு அமுங்கி 30 கிராம் கூடிவிடும், அதற்குத் தண்ணீர் போதாமல் மாவு உதிரும்.

மில்லில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த மாவு கிடைத்தால் அதுவே உத்தமம். கடைச் சப்பாத்தி மாவும் போதும். மைதா வேண்டாம், லோலோவில் இருக்க வேண்டிய மணல் மணலான கடி போய்விடும். வெல்லத்துக்குப் பதில் சர்க்கரையும் பல வீடுகளில் போடுகிறார்கள், அதே எடைதான். சர்க்கரையில் நிறம் வெளிறும், சுடும்போது கருகும் பயம் குறைவு. முதல் தடவை செய்பவர்களுக்குச் சர்க்கரை வசதி, ருசிக்கு வெல்லம்.

வெல்லத்தில் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வைத்து, கரைந்த மாத்திரத்தில் இறக்கிவிடுங்கள். குமிழ் வரக்கூடாது. விரலில் தொட்டால் பிசுக்கு மட்டும் இருக்க வேண்டும், நூல் இழுக்கக்கூடாது. கொதித்துப் பதம் ஏறிய பாகு ஆறும்போது கடலை மிட்டாயில் எப்படி இறுகுமோ அப்படியே ரொட்டிக்குள்ளும் இறுகும். உங்கள் ‘கல்’ அங்கேதான் உருவாகிறது. கரைசலை வடிகட்டி, கை பொறுக்கிற வெதுவெதுப்புக்கு ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மாவு வெந்து பசை மாதிரி ஒட்டும்.

அது ஆறுகிற நேரத்தில் மாவில் உப்பு, ஏலக்காய்ப் பொடி, நெய் சேர்த்து இரண்டு கையாலும் தேய்த்துக் கலக்குங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னும் ஒரு டீஸ்பூன் நெய். நெய்யைக் குறைத்து ஆரோக்கியமாகச் செய்கிறேன் என்று இறங்கினால் மறுநாள் காலையில் தோல் மாதிரி இழுபடும். மாவுத் துகளைச் சுற்றி நெய் பூசிக்கொண்டால்தான் தண்ணீர் பட்டதும் பசைத்தன்மை அதிகம் வராது, கடித்தால் பொரபொரவென்று உடையும்.

இப்போது வெல்லத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை ஊற்றி, விரல் நுனியால் கூட்டிச் சேர்த்து உருட்டுங்கள். சேர்ந்ததோடு நிறுத்திவிட வேண்டும், பிசைகிற வேலையே இல்லை. மாவு கெட்டியாக, மேலே சின்னச் சின்ன வெடிப்போடு இருப்பதுதான் சரி. வறண்டு உதிர்ந்தால் மட்டும் நிறுத்தி வைத்ததைச் சேருங்கள். மூடிப் பத்து நிமிஷம் போதும். மணிக்கணக்கில் ஊறவிட்டால் இளகிக் கையில் ஒட்டும். உடனே, ஐயோ தண்ணி ஜாஸ்தி என்று மேலும் மாவைத் தூவுவோம், அளவு மொத்தமும் கெடும்.

நான்கு உருண்டை, ஒவ்வொன்றும் சுமார் 120 கிராம். எண்ணெய்க் கவர் அல்லது பட்டர் பேப்பர் இரண்டுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் தட்டி, பூரிக்கட்டையை லேசாக ஓட்டுங்கள். 13 செ.மீ. அகலம், முக்கால் செ.மீ. தடிமன். மெல்லிசாகத் தேய்த்தால் சுட்டு முடிப்பதற்குள் ஈரம் முழுக்கப் போய் முறுக்கு ஆகிவிடும். ஓரம் வெடிக்கும், வெடிக்கட்டும். பெரிய பிளவை மட்டும் விரலால் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். தேய்க்க மாவு தொடவே வேண்டாம், அந்த மாவு கல்லில் விழுந்து கருகிக் கசக்கும்.

கனமான இரும்புத் தோசைக்கல் வேண்டும். கல்லை மிதமாகச் சூடாக்கி, லோலோவைப் போட்டதும் தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள். நாலு நிமிஷம் தொடாதீர்கள். அடியில் நிறம் மாறியதும் அகலமான திருப்பியால் முழுசாகத் தாங்கித் திருப்ப வேண்டும், ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பாதியில் உடையும். திருப்பிய பக்கத்தில் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, அந்தக் கீறல்களில் ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். ஆவி வெளியேற வழி, நெய் உள்ளே இறங்க வழி, இரண்டும் அதுதான். லோலோ உப்பக்கூடாது, உப்பினால் மேல் தோல் தனியாகப் பிரியும், நடு வேகாது. இன்னும் நாலு நிமிஷம், மறுபடி திருப்பி மீதி நெய், பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிஷம். கடைசியில் இரண்டு திருப்பிகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தி ஓரத்தை உருட்டி உருட்டிச் சுடுங்கள். பச்சை மாவு வாடை மிச்சம் இருப்பது எப்போதும் ஓரத்தில்தான். மொத்தம் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷத்தில் கருஞ்சிவப்பு வந்துவிட்டால் தீ அதிகம், உள்ளே பச்சையாக இருக்கும்.

சுட்டதைக் கம்பித் தட்டிலோ பருத்தித் துணியிலோ பரப்பி முழுக்க ஆறவிட்டு, அப்புறம் டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி, மறுநாள் மேல் பக்கம் நசநசக்கும், சீக்கிரம் பூசணமும் பிடிக்கும். தண்ணீரில் கூட்டிய லோலோ வெளியிலேயே இரண்டு மூன்று நாள் தாங்கும். பால் விட்டுக் கூட்டினால் வாசனை நன்றாக இருக்கும், ஆனால் மறுநாளே தீர்த்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து மெழுகு மாதிரி தெரியும். வைக்கத்தான் வேண்டுமென்றால் சாப்பிட அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள்.

தொட்டுக்கொள்ளப் புளிக்காத கெட்டித் தயிர், கூடவே ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். இனிப்புக்கு ஊறுகாயா என்று தோன்றும், ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் தடவை ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். அவற்றை உதிர்த்து ஒரு ஸ்பூன் சூடான நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் குழந்தைகள் உடையாததைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.