ரொட்டவேட்டரில் அரைபட்ட மல்ச்சிங் ஷீட்: மண்ணுக்கு என்ன ஆகும்?

கேள்வி: மூன்று வருடமாக, களை வராமல் பாத்தியை மூடும் மல்ச்சிங் ஷீட் போட்டுத் தக்காளி வைக்கிறேன். அறுவடை முடிந்ததும் கையில் வந்தவரை உருவிவிட்டு, மீதியோடு, மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் ஓட்டிவிடுவேன். இப்போது மண்ணைக் கிளறினால் எங்கும் கறுப்புத் துணுக்குகள். தானாக மக்கிவிடுமா? பயிருக்குக் கெடுதலா?
- கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயி

பதில்: மக்காது. ஷீட் பாலித்தீன். வெயிலில் மொறுமொறுவென்று உடையுமே தவிர மண்ணோடு மண்ணாகாது. பொறுக்கி எடுக்கக்கூடிய கிழிசலை, பொறுக்கவே முடியாத தூளாக ரொட்டவேட்டர் அரைத்துவிடுகிறது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதுதான் மைக்ரோபிளாஸ்டிக். மண்புழு விழுங்கி அதைக் கீழ்மண்ணுக்கும் கொண்டுபோகும்.

இதனால் உங்கள் தக்காளி நாளைக்கே வாடிவிடாது. ஆனால் சேரச் சேர என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் சிஞ்சியாங் பருத்திக் காடுகளே சாட்சி. மெல்லிய ஷீட்டை எடுக்காமல் வருடக்கணக்கில் உழுததில், தண்ணீர் சீராக இறங்காமல் வேரோட்டமும் தடைபட்டது. 2018-ல் சீனாவில் ஷீட்டின் குறைந்தபட்சத் தடிமனை 8 மைக்ரானிலிருந்து (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 10 ஆக உயர்த்தினார்கள். மெல்லியதாக இருந்தால் உருவவே வராது, அதுதான் காரணம். நீங்களும் விலை பார்த்து 15, 20 மைக்ரான் வாங்காமல், 25 முதல் 30 வரை வாங்குங்கள். ஒரே ஷீட்டில் அடுத்த பயிரும் எடுக்கும் ஆசை வேண்டாம்.

உருவும் முறைதான் முக்கியம். செடியை அடியோடு வெட்டி, சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிய பிறகு லேசாகத் தண்ணீர் விடுங்கள். மண் புட்டுப் பதத்தில் இருக்கும்போது, ஷீட்டின் ஓரம் புதைந்த இரு பக்கமும் மண்வெட்டியால் மண்ணைத் தள்ளுங்கள். கிழிவதெல்லாம் அந்த ஓரத்தில்தான். அப்புறம் ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வாருங்கள். ஏற்கெனவே கலந்ததில், கொத்துக் கலப்பை ஓட்டி மேலே வரும் துண்டுகளை மட்டுமே பொறுக்க முடியும். பொடியை எடுக்க வழியில்லை.

‘வெயிலில் தானே உதிரும்’ என்று விற்கும் ஷீட்டை வாங்கவே வாங்காதீர்கள். உதிரும், மக்காது. அந்த வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2019 சட்டத்திலேயே தடை செய்துவிட்டது. கரும்புச் சோகை (காய்ந்த கரும்புத் தோகை) கிடைத்தால், ஷீட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் பாத்திகளில் பரப்பிப் பாருங்கள். களையும் அடங்கும், ஈரமும் நிற்கும்.

உருவிய ஷீட்டைக் கொளுத்தாதீர்கள். காயவைத்து மண்ணை உதறிக் கட்டிவைத்தால் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர்கள் வாங்குவார்கள். அதுவரை ஆடு மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். தின்றுவிட்டால் வயிற்றில் பந்தாகச் சேர்ந்து அசைபோடுவது நின்றுவிடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.