ஒரு ஊர் எதனால் வளர்கிறது? திருப்பூரை முன்வைத்துக் கேள்வி பதில்

திருப்பூரில் ஒரு வங்கியின் ஏற்றுமதிக் கடன் பிரிவில் 22 வருடம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு ஊர் வளர்வதும் பக்கத்து ஊர் அப்படியே கிடப்பதும் ஏன் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

கேள்வி (பி.ஏ. மாணவி, மதுரை): நிலம், உழைப்பு, மூலதனம் என்று படிக்கிறோம். திருப்பூரில் துறைமுகம் இல்லை, தண்ணீர் இல்லை, பெரிய முதலாளிகளும் அங்கே போய் இறங்கவில்லை. பிறகு எப்படி வளர்ந்தது ஐயா?

அடித்தளம் ஒன்று இருந்ததம்மா. கொங்கு நாட்டுக் கரிசலில் பருத்தி விளைந்தது. பஞ்சுப்பேட்டையும், பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலைகளும் இருந்தன. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. நூல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. அதை வைத்துப் பல பத்தாண்டுகள் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருந்த ஊர் இது. 1970களின் கடைசியில்தான் ஐரோப்பிய வியாபாரிகள் தேடி வந்தார்கள். 1980களின் நடுவில் ஆண்டு ஏற்றுமதி 20 கோடி ரூபாய்கூட இல்லை. 2024-25இல் சுமார் 40,000 கோடி. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது அசாத்தியமான வளர்ச்சி.

ஆனால் பஞ்சும் மின்சாரமும் ஈரோட்டுக்கும் இருந்தன, கோவைக்கும் இருந்தன. திருப்பூரில் கூடுதலாக நடந்தது, ஒரு தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்த ஆயிரக்கணக்கானவர்கள் நாலு மைல் சுற்றளவுக்குள் சேர்ந்ததுதான். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890லேயே இதைக் கவனித்திருக்கிறார். கத்தி செய்யும் ஷெஃபீல்டு போன்ற ஊர்களில் தொழில் ரகசியம் காற்றிலேயே கலந்திருக்கும், பிள்ளைகள் தங்களை அறியாமலே கற்றுக்கொள்ளும் என்பது அவர் கருத்து. திருப்பூரில் அந்தக் காற்று டீக்கடையில் வீசும். எந்த மில் நூல் இந்த வாரம் சரியில்லை, எந்த வாங்குநர் பணம் இழுத்தடிக்கிறார், எந்தச் சாயத்துக்குத் துணி சுருங்குகிறது என்பதெல்லாம் காலை ஏழு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று கடன். ஒருவர் ஓவர்லாக் மெஷின் வாங்க என்னிடம் லோன் கேட்டு வந்தார். ஈடு வைக்க அவரிடம் எதுவும் இல்லை. ஆனால் நூல் வியாபாரி அவருக்கு இரண்டு மாதத் தவணையில் நூல் கொடுத்துக்கொண்டிருந்தார். என் காகிதங்களில் அகப்படாத ஒரு நாணயம் அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. கம்பெனியில் கூலிக்கு இருந்தவர்கள் நாலு பேராகக் கூட்டுச் சேர்ந்து முதலாளி ஆனது இப்படித்தான். அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கை பெரும்பாலும் சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. அருந்ததியர் குடும்பத்துப் பையனுக்கு அப்படித் தவணையில் நூல் கிடைத்ததை நான் மிக அரிதாகவே பார்த்தேன். எத்தனை நல்ல தொழிலதிபர்களை இந்த ஊர் அதனால் இழந்தது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி (கட்டிங் மாஸ்டர், பல்லடம்): நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம். டெம்போ வாடகையே பாதி தின்னுது. எல்லாம் ஒரே கூரையில இருந்தா செலவு குறையாதுங்களா?

சில ஆர்டருக்குக் குறையும். பத்து லட்சம் பீஸ், ஒரே கலர், ஒரே டிசைன் என்றால் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பவர்தான் ஜெயிப்பார். ஆனால் திருப்பூருக்கு வரும் ஆர்டரில் பாதி அப்படி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். மூவாயிரம் பீஸ், ஆறு கலர், ஒரு எம்பிராய்டரி, நாற்பத்தைந்து நாளில் ஷிப்மென்ட். அதற்கு எல்லா மெஷினையும் சொந்தமாக வாங்கிப் போட்டால் பாதி நாள் சும்மா நிற்கும். ஜாப் ஒர்க்கில், அதாவது பிறர் ஆர்டருக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் முறையில், அந்த மெஷின் ஊருக்கே ஓடுகிறது. ஆர்டர் இல்லாத மாதத்தின் பாரமும் பலர் தலையில் பிரிந்து விழுகிறது.

கெடுதலும் அங்கேதான். ஏற்றுமதியாளர் பணத்தை இழுத்தடித்தால் கடைசியில் நசுங்குவது ஜாப் ஒர்க் யூனிட்காரர். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது ஒழுங்காக நடந்தால் ஊரின் போட்டித்திறன் எந்த மானியத்தையும்விட அதிகம் கூடும்.

கேள்வி (ராமநாதபுரம்): எங்கள் மாவட்டத்துக்கும் வரிச்சலுகை கொடுத்து ஒரு பெரிய கம்பெனியைக் கொண்டுவந்தால் போதுமே தம்பி?

கம்பெனி வரும். சலுகை தீர்ந்ததும் நிற்குமா என்பதுதான் கேள்வி ஐயா. ஸ்ரீபெரும்புதூரில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே உதிரிபாகம் செய்பவர்கள், டூல் ரூம், டிப்ளமோ படித்த பையன்கள், துறைமுகச் சாலை எல்லாம் அதைச் சுற்றிச் சேர்ந்ததால் அடுத்தடுத்த தொழிற்சாலைகளும் வந்தன. சலுகையை எந்த மாநிலமும் கொடுத்துவிடலாம், இந்தச் சேர்மானம் அப்படிக் கிடைக்காது.

மழையை நம்ப முடியாத மண்ணில் ஒரு தொழில் எப்படி முளைத்தது என்று பார்க்கச் சிவகாசி உங்களுக்குப் பக்கம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சகம் வந்தது. பட்டாசும் வந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்தது. அந்த வளர்ச்சியில் குழந்தைகளின் உழைப்பும், இன்றுவரை நடக்கும் வெடிவிபத்துகளும் கலந்திருப்பதை நான் மறைக்க மாட்டேன். உங்கள் மாவட்டத்துக்கு என்னிடம் கேட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் மீன், குண்டுமிளகாய், பனை இவற்றிலிருந்து கிளைக்கக்கூடிய அடுத்த தொழில் எது என்று தேடுவேன்.

கேள்வி (பனியன் கம்பெனி சூப்பர்வைசர், அவினாசி): கூலி ஏறினா ஆர்டர் வெளிநாட்டுக்குப் போயிடும்னு முதலாளி சொல்றார். நிஜமா?

கூலியை மட்டும் பார்க்காதீர்கள், ஒரு பீஸுக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்று பாருங்கள். கணக்குக்காக ஒரு உதாரணம். 30 பேர் இருக்கும் தையல் லைனில் ஆளுக்கு 600 ரூபாய், நாளைக்கு 900 பீஸ் என்றால் பீஸுக்கு 20 ரூபாய். அதே 30 பேர் 1,200 பீஸ் எடுத்தால் ஆளுக்கு 700 கொடுத்தாலும் பீஸுக்குப் பதினேழரைதான். அந்தக் கூடுதல் 300 பீஸ் ஆட்களை விரட்டி வருவதல்ல. கட்டிங் நேரத்துக்கு வரணும், மெஷின் பழுதானால் உடனே ஆள் வரணும், கரண்ட் போகக்கூடாது, பழகிய ஆள் வேலையை விட்டுப் போகக்கூடாது. 2008 முதல் சில வருடம் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு. டீசல் ஜெனரேட்டருக்குக் கொட்டிய பணத்தைக் கூலி உயர்வோடு வைத்துப் பார்த்த முதலாளிகள் அப்போதே வாயடைத்துப் போனார்கள்.

கேள்வி (சென்னை): அப்படியென்றால் வங்கதேசம் நம்மை எப்படி முந்தியது? அங்கே பருத்தியே கிடையாதே.

எனக்குப் பிடித்த கதை இது. 1970களின் கடைசியில் நூருல் காதர் என்பவர் தேஷ் என்ற ஆடை நிறுவனத்தைத் தொடங்கி, தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு கைகோத்தார். சுமார் 130 பேரைக் கொரியாவின் பூசான் நகரத்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். தையல் மட்டுமில்லை, லைன் நடத்துவது, தரம் பார்ப்பது, ஏற்றுமதிக் காகிதம் போடுவது எல்லாம். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் விலகிப் போய்த் தனித்தனியாகக் கம்பெனி தொடங்கினார்கள், அல்லது புதிதாகத் தொடங்கியவர்களிடம் சேர்ந்தார்கள். தேஷுக்கு அது நஷ்டம். நாட்டுக்கு அதுதான் விதைநெல்.

கூடவே அரசு இரண்டு தடைகளை நீக்கியது. ஏற்றுமதிக்கான துணியை வரி கட்டாமல் இறக்கிப் பூட்டிய கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வாங்குநர் கொடுத்த எல்.சி.யை, அதாவது பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக்கடிதத்தை, காட்டியே துணி வாங்க இன்னொரு எல்.சி. திறக்கலாம். கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கையில் காசில்லாத ஒருவர் தொழிற்சாலை நடத்த இதைவிடப் பெரிய உதவி கிடையாது. பிறகு 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு வரியை நீக்கியது. 2024-25இல் அவர்களின் ஆடை ஏற்றுமதி சுமார் 3,900 கோடி டாலர். இந்தியா முழுவதுக்கும் சேர்த்து சுமார் 1,600 கோடி டாலர்.

ஆனால் 2013 ஏப்ரல் 24இல் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும் ஆட்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். டெலிவரி தேதிக்காக உயிரைப் பணயம் வைத்ததைப் போட்டித்திறன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி (விவசாயி, ஒரத்துப்பாளையம் அருகில்): நீங்கள் வளர்ச்சி என்கிறீர்கள். என் கிணற்றுத் தண்ணீரை மாடு குடிக்காது. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

செலவுக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும் ஐயா. எழுதாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். சாயப்பட்டறைக்குக் கடன் கொடுத்தபோது கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்கும் ஒரு கட்டம்கூட எங்கள் படிவத்தில் அப்போது இல்லை. நானாகவும் கேட்கவில்லை.

நொய்யலில் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. நொய்யல் கரை விவசாயிகள் நீதிமன்றப் படியேறிப் பல வருடம் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊர் அதிர்ந்துபோனது. துணியை லாரியில் ஏற்றி வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் போட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு ஒழுங்காக நிலைபெற்றது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), ஆவியாக்கல் என்று போய், தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மீட்டுத் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

இன்று அதே ஏற்றுமதியாளர்கள் ஐரோப்பிய வாங்குநரிடம் இதைப் பெருமையாகக் காட்டி ஆர்டர் கேட்கிறார்கள். அந்தப் பெருமையில் முதல் பங்கு உங்கள் ஆட்கள் போட்ட வழக்குக்குச் சேர வேண்டியது. உங்கள் கிணறு அதனால் திரும்பி வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கேள்வி (வவுனியா): வணக்கம் ஐயா. எங்கட பக்கம் ஆடைத் தொழிற்சாலைகள் வந்திருக்கு. பெண் பிள்ளைகளுக்கு வேலை கிடைச்சிருக்கு. ஆனால் ஊர் பெரிசா மாறின மாதிரித் தெரியேல்லை. ஏன்?

வணக்கம். துணி வெளிநாட்டிலிருந்து வருகிறது, தைத்துக் கப்பலேறுகிறது, சம்பளம் மட்டும் ஊரில் தங்குகிறது. அந்தச் சம்பளம் சின்ன விஷயமில்லை, போர் தின்ற மண்ணில் அது பல வீடுகளைத் தூக்கி நிறுத்தியிருக்கும். ஆனால் தொழிற்சாலையின் வாசலுக்கு வெளியே பொத்தான், பெட்டி, மெஷின் பழுதுபார்ப்பு, லாரி, அச்சு என்று எதுவும் உள்ளூரில் முளைக்கவில்லை என்றால் வளர்ச்சி வாசலோடு நின்றுவிடும். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபோதும் இதே கேள்வி இருந்தது. இலங்கைத் தொழிற்சாலைகளின் தரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று. பத்து வருடம் அங்கே வேலை பார்த்த ஒரு பிள்ளை சூப்பர்வைசராகி, மேலாளராகி, பிறகு இருபது மெஷின் போட்டுத் தனியாகத் தொடங்க வங்கி கடன் தருகிறதா?

கேள்வி (திருப்பூர்): 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பல யூனிட்டில் வேலை குறைந்தது. ஒரு நாட்டை நம்பியது தப்புதானே?

ஒரு நாட்டை நம்பியதும் தப்பு, ஒரே இழையை நம்பியதும் தப்பு. உலகில் உற்பத்தியாகும் இழையில் பருத்தி கால் பங்குகூட இல்லை, நாமோ பருத்தியையே கட்டிக்கொண்டிருக்கிறோம். 2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு (சுமார் 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோதே மணி அடித்தாயிற்று. விளையாட்டு உடைக்கான பாலியஸ்டர் துணி பின்னவும் சாயமேற்றவும் வேறு மெஷின், வேறு பழக்கம் வேண்டும். சிலர் இறங்கிவிட்டார்கள். வேகம் போதாது.

கேள்வி (செக்கிங் வேலை, 19 வருடம், அனுப்பர்பாளையம்): அண்ணா, கோடி கோடியா ஏற்றுமதிங்கறீங்க. நான் சேர்ந்தப்ப இருந்த வாடகை வீட்டுலயேதான் இருக்கேன். இந்த வளர்ச்சியில எனக்கு என்ன?

அம்மணி, இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேரில் நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், சத்துணவு, பஸ் வசதி என்று மாநிலம் போட்ட பணம் அவர்களைத் தொழிற்சாலை வாசல் வரை கொண்டுவந்தது. வாசலுக்கு உள்ளே கிடைக்க வேண்டியதில்தான் குறை. குறைந்த விலைக்கு வாடகை வீடும் குழந்தைகள் காப்பகமும் இந்த ஊருக்குச் சாயப்பட்டறை அளவுக்கு அவசியம் என்று நான் கூட்டங்களில் சொல்லிவருகிறேன்.

உங்களுக்கு இந்த வாரமே செய்ய ஒரு வேலை இருக்கிறது. 19 வருடத்தில் எத்தனை கம்பெனி மாறினீர்களோ, அத்தனைக்கும் பி.எஃப். பிடித்தார்களா, ஒரே எண்ணில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடச் சேவை கணக்கில் சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன் உரிமை உண்டு. நடுவில் பென்ஷன் பங்கையும் சேர்த்துப் பணத்தை எடுத்திருந்தால் அந்த வருடங்கள் சேராது. ஆதார், பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டு கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகம் போங்கள். எண் தெரியவில்லை என்றால் இங்கேயே இன்னொரு கேள்வி போடுங்கள், வழி சொல்கிறேன்.