அப்பாவின் மருத்துவக் காப்புறுதித் தவணை இரண்டு மடங்காகிவிட்டது, நிறுத்திவிடலாமா?

அறுபத்தெட்டு வயது அப்பாவுக்கு இந்த வருடம் இரட்டிப்பாகக் கேட்கிறார்கள், தொடர்வதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற பிள்ளையாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூடவே இருக்கிற எங்களுக்கு அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் கேள்வி வராது, கோபம்தான் வரும்.

நான் திருகோணமலை, உவர்மலை. அப்பா கடை வைத்திருந்தவர். அரச ஓய்வூதியம் இல்லை, ஆகவே அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவும் இல்லை. 2015இல் ஆயுள் காப்புறுதி ஒன்றோடு ஆஸ்பத்திரிச் செலவுக்கான மேலதிகக் காப்பையும் சேர்த்து எடுத்தோம். வருடத்துக்கு 31,000 ரூபாய். 2021இல் அது 52,000. 2023இல் 118,000! ஏஜென்ட் இரண்டு காரணம் சொன்னார்: அப்பா 65ஐத் தாண்டிவிட்டார், மற்றது டொலர். டொலர் விஷயம் பொய்யில்லை. 2022இல் 200 ரூபாயளவில் இருந்தது சில மாதங்களில் 360ஐத் தொட்டது. இதயக் குழாயில் வைக்கிற ஸ்டென்டும் கண் லென்ஸும் வெளியிலிருந்துதானே வருகின்றன. ஆனால் பிறகு டொலர் 300க்கு இறங்கியபோது தவணை இறங்கவில்லை. அதற்கு அவரிடம் பதிலும் இல்லை.

சரி, கட்டினோம். கட்டி நாலாம் மாதம் ஒரு விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சுநோ. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணுக்கு எடுத்தோம், அம்புலன்ஸ் வந்தது, காசில்லை. இங்குள்ள அரச ஆஸ்பத்திரியில் ஆளைத் தேற்றி எடுத்தார்கள், அதற்கும் காசில்லை. இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கிற அஞ்சியோகிராமுக்குக் காத்திருக்கப் பயந்து நாங்களாகத்தான் வான் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணை தாண்டும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

தனியார் ஆஸ்பத்திரி பில் 740,000. காப்பு ஐந்து இலட்சம் என்று பத்திரத்தில் இருந்ததால் ஐந்து வரும் என்று நம்பியிருந்தோம். வந்தது 195,000. அறை வாடகைக்கு ஒரு எல்லை, ஸ்டென்டுக்குத் தனி எல்லை, அப்பா பிரஷர் குளிசை போடுவதைப் படிவத்தில் எழுதவில்லை என்று இன்னொரு வெட்டு. (எழுதாதது எங்கள் பிழைதான். "அது தேவையில்லை" என்றவர் ஏஜென்ட், கையெழுத்து எங்களுடையது.) அடுத்த வருடம் 146,000 கேட்டார்கள். அப்போதுதான் பத்திரத்தை முழுக்க வாசித்தேன். 70 வயதோடு அந்தக் காப்பு முடிகிறது.

நிறுத்திவிட்டோம். அந்தக் காசை அப்பாவின் பேரில் நிலையான வைப்பில் போடுகிறேன். 60 தாண்டியவர்களுக்குக் கொடுத்த 15 வீத வட்டியையும் 2022இல் நிறுத்திவிட்டார்கள், அது வேறு எரிச்சல்.

காப்புறுதியே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முழுப் பணமும் கிடைத்தவர்களை எனக்கும் தெரியும். நீங்கள் தவணைத் தொகையை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த வயதில் காப்பு முடிகிறது, எதற்கு எவ்வளவு எல்லை என்ற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். 70க்கு மேலும் காப்பு இருந்து, கட்டவும் முடியுமென்றால் விடாதீர்கள்; இந்த வயதில் விட்டால் திரும்ப எடுப்பது லேசில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லைதான். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. தனியார் கொம்பனியை அது கட்டுப்படுத்தாது என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம், சொல்லட்டும். பிரீமியம் கூட்டிய கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. கிளெய்மை வெட்டிய கடிதம் சிங்களத்தில் வந்தது, என்னோடு படிப்பிக்கிற ஒரு மிஸ்தான் வாசித்துச் சொன்னா. போன மாதம் அப்பாவின் பிறந்தநாளுக்கு அதே கொம்பனியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ், நல்ல தமிழில், நோயற்ற வாழ்வு வாழ்க என்று. அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இவங்களுக்குத் தமிழ் தெரியுமாம், பாரன்" என்றார்.